வளிமண்டல அடர்த்தி மாதிரிகள்

தாழ்ந்த பாதையில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளை மேல்வளிமண்டலம் எவ்வளவு பின்னிழுக்கும் என்று கணித்து, அதன் ஆயுளையும் வீழுங்காலத்தையும் முன்னறிய உதவும் கணித அமைப்புகள் இவை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை அடுத்துள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2007 ஜனவரி 10இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-2 இதற்குத் தக்க திருஷ்டாந்தம். சுமார் 635 கிலோமீட்டர் உயரத்திலேயே விட்டிருந்தால் இயல்பாக விழ ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிடித்திருக்குமாதலின், எஞ்சிய எரிபொருளைக் கொண்டு 2020இன் தொடக்கத்திற்குள் 380 கிலோமீட்டருக்கு இறக்கப்பட்ட அக்கோள், பின்னர் இழுவை ஒன்றினாலேயே பாதை தேய்ந்து, 2024 பிப்ரவரி 14இல் இந்து மகாசமுத்திரத்தின்மேல் அழிந்தது.

வானியலாளர் ஜாக்கியா வகுத்த மாதிரி (1971) செயற்கைக்கோள்களின் பாதைத் தேய்விலிருந்தே அடர்த்தியைப் பெரிதும் அனுமானிப்பது; எம்சிஸ் மாதிரி வரிசையோ நிறைநிறமாலைமானிகளையும் ரேடார் அளவீடுகளையும் ஆதாரமாகக் கொண்டு எழுந்ததால், வாயுக்களின் கலப்பை விவரிப்பதில் சிறந்தது. சூரியனின் 10.7 சென்டிமீட்டர் ரேடியோ அலை அளவோடு புறஊதாக் கதிர்க் குறியீடுகளையும் காந்தப்புயல் குறியீட்டையும் சேர்த்துக்கொண்ட ஜேபி-2008 மாதிரி, இழுவைக் கணக்கிற்கு, விசேஷமாகப் புயற்காலத்தில், பெரும்பாலும் மேலானது. ஆயினும், மேல்வளிமண்டலத்தைச் சூடேற்றி மாற்றும் நாளைய சூரியனை ஊகித்தே எதிர்கால அடர்த்தியைச் சொல்ல வேண்டியிருப்பதால், மாதிரிகளைப் பழிப்போர் பாதிப் பழியைச் சூரியன்மீதே சுமத்துவது நியாயம். உதாரணமாக, 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38, மிதமான காந்தப்புயலொன்று இழுவையைப் பெருக்கியதால், பணிப்பாதையை எட்டாமலே வீழ்ந்தன.