ஹெரால்டுக்கு ஜாக்கி வைப்பது

அறுபதுகளில் அசல் ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்கெல்லாம் எங்கே போவது? வண்ணாரப்பேட்டைக் கார் பைத்தியங்களுக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் ஸ்போர்ட்ஸ் கார். செங்குன்றம் தாண்டி, சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அது ஓடியும் இருக்கிறது.

அது முழுக்க வீண் பெருமையும் இல்லை. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்த வண்டி, 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. எஞ்சின் 948 சி.சி. இதன் வழியில்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் பின்பக்க அமைப்பு ஒன்றே.

சிக்கலும் அந்தப் பின்பக்கத்தில்தான். அம்பாசடர், ஃபியட் இரண்டிலும் பின் சக்கரங்களை இணைத்து ஒரே கனமான ஆக்ஸில் ஓடும். அதன் அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கிப் பழகியவர்கள் நம் மெக்கானிக்குகள். ஹெரால்டில் அந்த ஒற்றைக் குழாயே கிடையாது. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்கும்; இருபுறமும் அரை ஆக்ஸில்கள் பறவையின் இறக்கைபோல மேலும் கீழும் ஆடும். ஆடுகிற உறுப்பில் ஜாக்கி வைத்தால் வழுக்கும். சேஸிஸ் சட்டத்தில்தான் வைக்க வேண்டும். தூக்கியதும் பின் சக்கரங்களின் அடிப்பாகம் உள்ளே மடங்கும். இறக்கிய பிறகும் அப்படியே நிற்கும். "ஆக்ஸில் வளைஞ்சு போச்சு சார்" என்று பயந்தவர்கள் உண்டு. நாலடி தள்ளினால் தானாகச் சரியாகிவிடும்.

இன்னொன்று, கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்கு வேலையில்லை. முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் சேஸிஸ் உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள்; 'டங்' என்ற சத்தம் வராமல் 'சொத்' என்றால் அந்த இடம் வேண்டாம்.

செங்கல்லை மட்டும் நம்பவே கூடாது. அது மெல்ல நசுங்காது, ஒரே நொடியில் உடையும். எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் செங்கல் மேல் நின்ற வண்டி சரிந்து ஒரு பையனுக்கு வலது கை போயிற்று. பதினைந்து வயதுகூட இருக்காது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதுவும் மணலில் இல்லாமல் கெட்டியான தரையில். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் படுக்க வைத்துவிடுவது என் வழக்கம். கடைசித் துணை அது.

எழுபதுகளில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸலில் கம்பெனியே அந்த இறக்கை ஆக்ஸிலைக் கைவிட்டு, அம்பாசடர் பாணி ஒற்றை ஆக்ஸிலுக்குத் திரும்பியது. நம் சாலைக்கும் நம் பட்டறைக்கும் அதுதான் தோது. ஓட்டிப் பார்த்தால் பழைய ஹெரால்டின் துள்ளல் மட்டும் அதில் இல்லை.