மழையும் கோதுமை விலையும்: 1908 பஞ்சாப் மலேரியா தரும் பாடம்

பருவநிலை மாற்றம் தொற்றுநோய்களைப் பெருக்கும் என்னும் கூற்று இன்று பொதுவழக்காகிவிட்டது. வானிலைக்கும் நோய்க்கும் இடையே சமூகம் நிற்கிறது என்பதை அக்கூற்று பெரும்பாலும் மறந்துவிடுகிறது. அதனை நினைவூட்டுவது 1908ஆம் ஆண்டின் பஞ்சாப்.

அவ்வாண்டு பருவமழை மிகுதியாகப் பெய்தது. அதனைத் தொடர்ந்து பரவிய மலேரியாவால் அமிர்தசரஸின் அன்றாட வாழ்வு முடங்கியது. சில மாதங்களில் மாகாணத்தில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மாண்டனர். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாதில் கண்டறிந்து அப்போது 11 ஆண்டுகளே ஆகியிருந்தன.

இப்பேரழிவை ஆராய்ந்த எஸ். ஆர். கிறிஸ்டோபர்ஸ், 1868 முதலான காய்ச்சல் மரணப் பதிவுகளை மழையளவோடு ஒப்பிட்டு 1911இல் அறிக்கை வெளியிட்டார். தேங்கிய நீர் கொசுவைப் பெருக்குகிறது. காற்றின் ஈரப்பதம், கிருமி முதிரும்வரை கொசுவை வாழவைக்கிறது. ஆயினும் மழை மட்டுமே பெருங்கொள்ளைநோயை விளைவிக்கவில்லை. முந்தைய பற்றாக்குறையால் தானிய விலை ஏறி, மக்கள் பசியால் நலிந்திருந்த வேளையில் பெய்த பெருமழையே பேரழிவாயிற்று என்பது அவரது முடிவு.

இதன் அடிப்படையில் சி. ஏ. கில், 1920களில் நோய் முன்னறிவிப்பு முறையொன்றை வகுத்தார். மழையளவு, சிறுவர்களின் மண்ணீரல் வீக்கம் ஆகியவற்றுடன் உணவு தானிய விலையும் அதில் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. பசிபிக் பெருங்கடலின் எல் நினோ நிகழ்வுக்கும் பஞ்சாபின் மலேரியா ஆண்டுகளுக்கும் தொடர்புண்டு என்பது 1996இல் வெளியான ஆய்வொன்றில் புலப்பட்டது. எனினும் மரண எண்ணிக்கையை அத்தொடர்பு முழுமையாக விளக்குவதில்லை. டி.டி.டி. பூச்சிக்கொல்லி வருவதற்கு முன்னரே, கொசுவும் கிருமியும் குறையாத நிலையில், பஞ்சாபில் கொள்ளைநோய் மரணங்கள் சரிந்தன. பஞ்சக் கட்டுப்பாடே அதற்குக் காரணம் என வாதிடுகிறார் ஷீலா ஸர்பிரிக்.

வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்வதில்லை. புவி வெப்பமடைகையில் இமயமலைச் சரிவுகளில் அந்த இயற்கை அரண் தளர்கிறது. நோய் எங்கே பரவக்கூடும் என்பதை இக்கணக்கு காட்டும். யார் மாள்வர் என்பதைக் காட்டாது. அதனை அறிய, கில் செய்ததுபோல் மழைமானியோடு சந்தை விலையையும் படித்தாக வேண்டும்.