நோன்பும் உயிரணுவின் புதுப்பிப்பும்

கொங்கு நாட்டில் சமணம் தழைத்திருந்த ஊர்களுள் விஜயமங்கலம் தலையாயது. ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயிற் கல்வெட்டொன்று, புலியப்பை என்னும் அம்மையார் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தமையை நினைவுறுத்துகின்றது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை 10ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சாமுண்டராயரின் தங்கை அவர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்றார் என அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

இவை சல்லேகனை, வாழ்வின் இறுதியை உணர்ந்தோர் பற்றறுத்து விடைபெற்ற நெறி. பர்யுஷண நாள்களில் இல்லறத்தார் ஏற்கும் உபவாசம் வேறு. அது காலவரையறையோடு தொடங்கிப் பாரணையோடு நிறைவுறுவது. எனினும், பழவினையை உதிர்க்கும் நிர்ஜரையே இரண்டுக்கும் நோக்கம்.

உண்ணாதபோது உடலுக்குள் நிகழ்வது என்ன என்பதை அறிவியல் அண்மையில்தான் கண்டது. பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியான் டி துவ், உயிரணுவில் செரிமான நொதிகள் அடங்கிய லைசோசோம் என்னும் நுண்பையை 1955இல் விளக்கினார். உயிரணு தன் கழிவைத் தானே செரிக்கும் செயலுக்கு 1963இல் ‘ஆட்டோபேஜி’ எனப் பெயரிட்டவரும் அவரே. 1988இல் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி, ஈஸ்ட் உயிரணுக்களுக்கு ஊட்டத்தை நிறுத்தி, அச்செயல் சில மணி நேரத்துக்குள் பெருகுவதை நுண்ணோக்கியிற் கண்டார். பின்னர் அதனை இயக்கும் மரபணுக்களையும் இனங்கண்டார். 2016இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

ஊட்டம் குறைந்து இன்சுலின் தாழும்போது, பழுதுற்ற புரதங்களையும் உயிரணுவின் நுண்ணுறுப்புகளையும் ஒரு மெல்லிய உறை சூழ்ந்து லைசோசோமிடம் சேர்க்கின்றது. அங்கு அவை சிதைந்து, புதிய புரதங்களுக்கு வேண்டிய அமினோ அமிலங்களாகின்றன. வால்பாறையைச் சூழ்ந்த சோலைக்காடுகளை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். ஆங்கு உதிர்ந்த இலையும் சாய்ந்த மரமும் கறையானாலும் பூஞ்சையாலும் மட்கி, நிற்கும் மரங்களுக்கு உரமாகின்றன. உயிரணுவில் இத்துப்புரவு தடைப்பட்டால் பழுதுற்ற புரதங்கள் தேங்கும். பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்களுடன் அத்தேக்கத்துக்குத் தொடர்புண்டு.

இதனைக் கொண்டு, முன்னோர் ஆட்டோபேஜியை அறிந்தே நோன்பு வகுத்தனர் என உரைப்பது வாய்மை விரதத்துக்குப் பொருந்தாது. அவர்கள் நாடியது உயிரின் தூய்மை. உடலின் நலத்தை அன்று. இச்செயல் நோன்பின்போது மட்டும் நிகழ்வதுமன்று. உடலில் எந்நாளும் ஓரளவு நடைபெறுவது. மனிதர் எத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் அது உச்சமடையும் என்பதற்கு உறுதியான அளவு இன்னும் நிறுவப்படவில்லை. நோன்பு மிக நீண்டால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும்.

ஆதலின் நீரிழிவுக்கு மருந்துண்போர், கருவுற்றோர், முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் நீண்ட உபவாசம் ஏற்றலாகாது. அத்தகையோர்க்கும் அறநெறி வழி அடைக்கவில்லை. புறத்தவம் ஆறனுள் அனசனத்தை அடுத்து வைக்கப்பெற்றது, வயிறு நிறையுமுன் கையை நிறுத்தும் அவமோதரியம். சுவை துறக்கும் ரசபரித்தியாகமும் அவ்வாறனுள் ஒன்றே. தத்தம் ஆற்றலுக்கேற்ற தவத்தைத் தேர்ந்து ஏற்பதே திருவிழாக் காலத்துக்கு உரிய நெறி.