ரதியின் வழக்கு: தோட்டத்துக் காமன் கூத்தும் நமது கிஸ்ஸாக்களும்

பழங்கதைகளை வயது வந்தோருக்கான காதற் கதைகளாகத் திருப்பிச் சொல்வது அண்மைக்கால நாவலாசிரியர்களின் கண்டுபிடிப்பு என்றொரு எண்ணம் நமது இலக்கிய வட்டாரங்களில் உண்டு. இப்பேச்சு எழும்போதெல்லாம் 1979இல் ஐரோப்பியத் தேவதைக் கதைகளை மாற்றி எழுதிய ஏஞ்சலா கார்ட்டரின் பெயர் சொல்லப்படும். அவர் பெரிய எழுத்தாளர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அக்கதைகள் தொடக்கத்தில் சிறுவருக்கானவையாக இருக்கவில்லை என்பதை நாம் மறந்து விடுகிறோம். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதற் பதிப்பில் இருந்த ஆண் பெண் உறவுச் செய்திகளைப் பிந்திய பதிப்புகளில் தாமே மழுப்பி எழுதினர். அதன் பிறகே அவை பிள்ளைகளின் தலையணைக்கடியில் போய்ச் சேர்ந்தன. ஆகவே கார்ட்டர் செய்தது, பெரியவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்ததுதான்.

நமது மலைகளிலோ அது ஒருபோதும் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தையே சொல்கிறேன்.

காமன் எரிந்த கதை கந்தபுராணத்திலும் உண்டு. கச்சியப்பர் அதற்கென்று ஒரு படலமே ஒதுக்கியிருக்கிறார். சிவன் யோகத்தில் அமர்ந்துவிட்டான். சூரபன்மனால் தேவர்கள் வதைபடுகிறார்கள். யோகம் கலைந்து, உமையை மணந்து, முருகன் பிறக்க வேண்டும். அதற்காகக் காமன் ஏவப்படுகிறான், நெற்றிக்கண்ணால் எரிகிறான். ரதி அழுகிறாள். புராணத்தின் நோக்கம் முருகனின் பிறப்பு. காமன் அதற்கு ஒரு படிக்கட்டு. ரதியின் அழுகை அந்தப் படிக்கட்டில் சிந்திய தண்ணீர். வடமொழியில் காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் அவளது புலம்பலுக்கே கொடுத்தான். ஆயினும் அவனுக்கும் அடுத்த சருக்கத்தில் உமையின் தவத்துக்குப் போகவேண்டிய அவசரம் இருந்தது.

தோட்டத்துக் கூத்துக்கு அந்த அவசரம் இல்லை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிவான். நாட்கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். இடைப்பட்ட நாட்களில் காமனும் ரதியும் லயம் லயமாக ஆடிவருவர். அவர்களுக்கு ஊரறியக் கல்யாணம் நடக்கும். ரதிக்கு வேடமிடுபவரும் ஆண்தான், அதுவும் விரதமிருந்து. பெண்ணின் துயரத்தை ஆண் பேசுவதில் உள்ள முரண் எனக்கு உறுத்தாமலில்லை. ஆனால் பொட்டலைச் சுற்றி நின்று அந்த ரதியின் சொல்லுக்குச் சொல் தலையசைப்பவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்களே என்பதையும் பார்த்திருக்கிறேன்.

கடைசி இரவில் ஓலையுடன் தூதன் வருகிறான். கூத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. காமன் புறப்படுகிறான், ரதி மறிக்கிறாள். விடிய விடியத் தர்க்கம். போகாதே, இது உன்னைக் கொல்வதற்கான அழைப்பு என்கிறாள். என்னால் மறுக்க முடியாது என்கிறான் அவன். புராணத்தில் தேவகாரியமாக இருந்தது இங்கே ஒரு வீட்டு வாசலில் புருஷனும் பெண்சாதியும் போடும் சண்டையாகிவிடுகிறது. ஏவியவன் பத்திரமாக மேலே இருக்கிறான். ஏவப்பட்டவன் எரிகிறான். அதற்குப் பிறகு ரதி அழுவது வெறும் ஒப்பாரியல்ல, வழக்கு. எரித்தவனிடமே போய், என் புருஷன் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறாள்.

இதை யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை வைத்துத்தான் இதன் பொருளைப் பார்க்கவேண்டும். திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் சொல்லை நம்பி வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்ததில் செத்தவர்கள் பலர். முதலில் கோப்பி, பின்பு, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைத் தொடர்ந்து, அதுவே எல்லாமுமாயிற்று. 1921 வரை ‘துண்டு’ முறை இருந்தது. கடன் எழுதிய அந்தத் துண்டில்லாமல் ஒருவர் தோட்டம் மாற முடியாது. மேலிருந்து வரும் ஓலையை மறுக்க முடியாத நிலை என்னவென்பதை இவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அதிகாலையில் பெரட்டுக்கு எழுப்பியது தப்புதான். காமனை ஆடவைத்ததும் அதே தப்புதான்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு சனங்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. அந்த வருடங்களில் ரதியின் புலம்பல் புராணமாகக் கேட்டிருக்காது.

ரதிக்கு இறுதியில் கிடைக்கும் தீர்ப்பும் விசித்திரமானது. காமன் உயிர்பெறுகிறான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். புராணம் அதை அருள் என்கிறது. துணையைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு நின்ற ஒருத்திக்கு அது அருளாகப்பட்டதா, தெரிந்த ஒரு வலியாகப்பட்டதா என்று நான் யோசிப்பதுண்டு.

இந்தச் சஞ்சிகையில் இதை ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வாப்பா கடை வைத்திருந்த தோட்டத்து டவுனில் மாசி மாதம் பற்று வரவுப் புத்தகம் தடிக்கும். கூத்துச் சாமான்கள் கடனில் போகும். ஆனால் அது மட்டும் காரணமல்ல. நமது பக்கத்திலும் இதே வேலை நடந்திருக்கிறது. திருக்குர்ஆன் யூசுப் நபியவர்களின் வரலாற்றை வரலாறுகளில் மிக அழகியது என்கிறது. அதில் அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை. அவள் அஸீஸின் மனைவி, அவ்வளவே. பின்வந்தவர்களின் வழக்கில் அவள் ஸுலைகாவானாள். 15ஆம் நூற்றாண்டில் ஜாமி பாரசீகத்தில் பாடியபோது, கனவில் கண்ட முகத்துக்காக ஆயுளைக் கொடுத்த காதலியாக அவள் காவியத்தின் நடுவே வந்துவிட்டாள். தமிழிலும் யூசுபு நபி கிஸ்ஸா எழுந்தது. சைத்தூன் கிஸ்ஸாவின் வீராங்கனையை அல்லி அரசாணி மாலையின் அல்லிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வீட்டுப் பெண்கள்போல் இருப்பார்கள். வேதத்திலும் புராணத்திலும் ஓரத்தில் நின்ற பெண்ணைக் கிஸ்ஸாக்காரனும் கூத்துக்காரனும் கைப்பிடித்து நடுவே கொண்டுவந்தார்கள். அவர்கள் மார்க்கத்தை மாற்றவில்லை, சமயத்தை மறுக்கவில்லை. கதையின் வெளிச்சத்தைச் சற்றே நகர்த்தினார்கள்.

கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்டபோதும் இந்த மரபு அவர் கையில் இருந்தது. குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்ட எகிப்தியப் பிரபுவின் மகன், அந்நிய நாட்டில் வளர்ப்பு, காதல், பிறப்பின் உண்மை தெரிவது: ஆயிரத்தோரு இரவுகளைக் கேட்டவர்களுக்கு நன்கு தெரிந்த எலும்புக்கூடு இது. அவர் அதற்கு நாவல் என்ற புதுச்சட்டையைப் போட்டார். நமது வரலாற்றாசிரியர்கள் 1879இன் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கும் இதற்குமிடையே ஆண்டுகளை எண்ணிக் களைத்துவிட்டார்கள். கிஸ்ஸாவுக்கும் இந்நாவலுக்குமுள்ள உறவை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. கிஸ்ஸாக்களோ கட்டுக்கதை என்று பரணுக்குப் போய்விட்டன. அகீதாவைக் கிஸ்ஸாவில் தேடக்கூடாது என்பது சரி. அதற்காக ஓர் இலக்கிய வகையையே செல்லுக்குத் தின்னக் கொடுப்பது என்ன நியாயம்?

மலையகத்தார் இவ்விடயத்தில் நம்மைவிட விழிப்பாக இருந்தார்கள். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, அவர் 1984இல் மறைந்த பின் 1987இல் நூலாயிற்று. சாரல் நாடனும் மாத்தளை வடிவேலனும் வாய்மொழி மரபையும் கூத்துகளையும் எழுதிவைத்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு தோட்டத்தின் தர்க்கமும் வேறு. அச்சில் வந்தது ஒரு கை அள்ளியது மட்டுமே. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட, பல பொட்டல்களில் ரதிக்கு ஆளில்லை.

இப்போது மேடைகளில் அரைமணி நேரக் காமன் கூத்து வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒன்று பார்த்தேன். கல்யாணமும் நெருப்பும் இருந்தன. விரசமாக இருக்கிறதென்று தர்க்கத்தை நீக்கியிருந்தார்கள். நேரமில்லை என்று புலம்பலையும் நீக்கியிருந்தார்கள். பக்கத்தில் பழைய கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். “எரிக்கிறதுக்கு அஞ்சு நிமிசம் போதும் நானா. அவ அழுறதுக்குத்தான் ராத்திரி வேணும்” என்றார். அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. தர்க்கப் பகுதி மட்டும் நாற்பது பக்கத்துக்கு மேல். ஓரங்களில் பென்சிலால் வேறு தோட்டத்துப் பாடங்கள். மழையில் நனைந்து நடுப்பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. போட்டோப் பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லி வாங்கிவந்து, ஒட்டியவற்றைப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன்.