பால்டிமோர் முஸ்லிம்கள் திருத்திய முதல் படி

போதையிலிருந்து மீள விரும்புகிறவர் தம்மை இறைவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்றால் நம் ஜமாஅத்தில் யாரும் வியக்கமாட்டார்கள். இஸ்லாம் என்ற சொல்லிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. ஆனால் உலகெங்கும் மீட்புக் குழுக்களில் இன்று புழங்கும் ஒப்படைப்பு முறை நம் மத்ரஸாக்களில் தோன்றியதன்று. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தோன்றியது.

1935இல் அங்கே, பங்குச்சந்தைத் தொழிலில் இருந்து குடியால் நொடித்துப்போன பில் வில்சன், அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். பில் குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. பாப் இன்னும் நிறுத்தவில்லை. அவர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஆம் நாளையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. 1939இல் வந்த அவர்களது நூல் பன்னிரண்டு படிகளை வகுத்தது. குடியின் முன் தாம் சக்தியற்றவர் என ஒப்புக்கொள்வது முதல் படி. அவரவர் புரிந்துகொண்ட இறைவனிடம் வாழ்வை ஒப்படைப்பது மூன்றாவது. நம்பிக்கையற்றவர்கள் வாசலோடு திரும்பிவிடக் கூடாதென்று வாதாடிச் சேர்த்த சொற்கள் அவை. நான்காவது படி, தன் குறைகளைக் கணக்கெடுப்பது. சரக்கிருப்பு எடுக்காத வியாபாரம் நொடித்துப்போகும் என்று அந்நூல் உவமை சொல்கிறது. கடை வைத்திருக்கும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

1989இல் மேரிலாந்து மாநிலத்துப் பால்டிமோரில் முஸ்லிம்கள் சிலர் மில்லத்தி இஸ்லாமி அமைப்பைத் தொடங்கினார்கள். படிகள் பன்னிரண்டையும் வைத்துக்கொண்டு சொற்களைத் திருத்தினார்கள். மூன்றாம் படியில் அவரவர் புரிந்துகொண்ட இறைவன் போய், அல்லாஹ்வின் நாட்டம் வந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதே. முதல் படியில் செய்த மாற்றமே பெரிது என்போம். சக்தியற்றவர் என்பதை நீக்கி, தமக்குள் உள்ள உயர்ந்த தன்மையைப் புறக்கணித்துவிட்டதாக எழுதினார்கள். சக்தியற்றவனைக் கேள்வி கேட்க முடியாது. புறக்கணித்தவனைக் கேட்கலாம், அவன் தவ்பாவும் செய்யலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழி இதில் தெரிகிறது.

சிங்கப்பூரிலும் இதற்கு வரலாறு உண்டு. 1955இல் செயின்ட் ஜான்ஸ் தீவில் அபின் அடிமைகளுக்குச் சிகிச்சை நிலையம் அமைந்தது. 1972இல் சானா தோன்றியது. ஜாமியாவும் பெர்தாப்பிஸும் இடைவழி இல்லங்கள் நடத்தி வந்திருக்கின்றன. நாமோ, அவன் நாட்டம் என்று பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறோம். மகன் எங்கே என்று கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறான் என்கிறோம். அவன் சாங்கியில் இருப்பதை அறிந்தவர்களும் தலையாட்டிவிட்டு நகர்கிறோம்.