பரதேசி என்னும் சொல்

பரதேசி என்பது இக்காலத்தே வசைச்சொல்லாய் வழங்குகின்றது. கந்தை உடுத்தோனையும் வீடுவாசல் அற்றோனையும் அச்சொல்லால் இகழ்தலை நம்மவர் இல்லங்களிலும் கேட்கின்றோம். முற்காலத்திலோ அது தலயாத்திரை செய்வார்க்குரிய பெயராய் நின்றது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

இது வடசொல். "பர" என்பது பிற எனவும், "தேசம்" என்பது நாடு எனவும் பொருள்படும். ஆகவே பரதேசி என்பான் பிறநாட்டினன். இப்பொருளில் இழிவு சிறிதும் இன்று. கொச்சியில் 1568-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற யூதர் தொழுகைக்கூடம் இன்றும் பரதேசி என்னும் அடைமொழியோடு வழங்குவது, அதனை எழுப்பினோர் வேற்று நாடுகளினின்று வந்து குடியேறினோர் ஆதலினாலேயாம்.

பிறநாட்டினன் என்னும் பொருள் யாத்திரிகன் என்றாயது எங்ஙனம்? காசிக்கும் இராமேச்சுரத்துக்கும் கால்நடையாய்ச் சென்றோர் வழியிலுள்ள ஊர்தோறும் அயலாரே. அவர்தம் குலமும் குடியும் ஊரார் அறியார்; பிறதேயத்தார் என்பதொன்றே அறிவர். தேசாந்திரி என்னும் சொல்லும் இவ்வாறு அமைந்ததே. இலத்தீன் மொழியிலும் இந்நெறியைக் காண்கின்றோம். பெரெகிரீனுஸ் என்னும் சொல் முதலில் உரோமக் குடியுரிமை இல்லா அயலானைக் குறித்துப் பின்னர்த் திருத்தலஞ் செல்வானைக் குறித்தது. ஆங்கிலப் பில்கிரிம் அதன் வழிவந்ததே. எபிரெயர் நிருபத்தில் ஆங்கில விவிலியம் பில்கிரிம் என்னுமிடத்துத் தமிழ் விவிலியம் பரதேசி என்றே கூறுதலும் நோக்கற்பாலது.

அயலானைப் பேணுதல் அறமெனக் கொண்டமையாலன்றோ நம் நாட்டிற் சத்திரங்கள் எழுந்தன? தஞ்சை மராட்டிய மன்னர் இராமேச்சுர வழியில் அமைத்த சத்திரங்களில் எக்குலத்தார்க்கும் சோறும், நோயுற்றார்க்கு மருந்தும் அளிக்கப்பெற்றமையை, இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ஆங்கிலேயர்க்கு வரைந்த கடிதத்தால் அறிகின்றோம். வந்தவன் பசியே ஆண்டு நோக்கப்பட்டது.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1914-இற் பாம்பன் பாலமும் திறக்கப்பெற்றது. பொருளுடையார் வண்டியேறினர், கட்டணத்துக்கு வழியிலாதாரே நடந்தனர். நடப்போன் பெயர் வறியோன் பெயராகி, வறியோன் பெயர் வசையாயிற்று என்பது நம் கருத்து.

சொல் இழிந்தது ஒருபுறமிருக்க, அயலானைக் கண்ட நம் உள்ளமும் அதனோடு இழிந்தமையே வருந்தத்தக்கது. சேதுவின் மணலைக் கங்கைக்கும், கங்கை நீரைச் சேதுவுக்கும் சுமந்து நடந்த நம் முன்னோர் யாவரும் வழியூரார்க்குப் பரதேசிகளே. முகமறியாதார் இட்ட சோற்றை உண்டே அவர் வீடு திரும்பினர். அச்சொல்லை வசையாக்குவோர் தம் பாட்டன்மாரையே இகழ்வோராவர். சங்கத்து அன்பர்கள் இதனைத் தம் மக்கட்கு எடுத்துரைப்பாராக. வாயிலில் வந்து நிற்கும் அயலார்க்கு ஒருபிடி சோறும் ஈவாராக.