கோடைப் பண்பலை வானொலி

கோடைப் பண்பலை, கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பாகும் அகில இந்திய வானொலி நிலையம். 1994ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ‘கோடை எஃப்.எம்.’ என்பது மக்கள் வழக்கில் உள்ள பெயர். நிலையம் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த மலைநகரில் உள்ளது. ஆயினும் மலைக்குத் தெற்கே உள்ள பெரியகுளம், தேனி, ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் மக்கள் இதைத் தங்கள் வானொலியாகவே கொண்டனர். பெருநகரங்களுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்குத் தெளிவான ஒலியில் திரையிசையை அளித்த முன்னோடி நிலையங்களில் ஒன்று என்ற வகையில் தமிழ் வானொலி வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

அமைவிடம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலைத்தொடரின் தென்விளிம்பை ஒட்டி அமைந்துள்ளது. அங்குள்ள பசுமைப் பள்ளத்தாக்கு காட்சிமுனையில் நின்றால், பனிமூட்டம் இல்லாத நாளில், கீழே வைகை அணையின் நீர்ப்பரப்பைக் காணலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது அழகான காட்சி. வானொலிப் பொறியாளருக்கோ அது ஒரு தொழில்நுட்ப உண்மை. பண்பலை ஒலிபரப்புக்கான அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. எனவே கோபுரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் நிலமெல்லாம் ஒலிபரப்பு எட்டக்கூடிய நிலம்.

இதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். கோபுர உச்சியின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை சென்று சேரக்கூடிய தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு இது சுமார் 41 கிலோமீட்டர். தேனி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து பார்க்கும்போது கொடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கோபுரத்துக்குச் சமம். அந்த உயரத்துக்குக் கிடைக்கும் தொலைவு 170 கிலோமீட்டருக்கும் மேல். மனிதர் கட்ட முடியாத கோபுரத்தை மலை இலவசமாகக் கொடுத்தது. அதனால்தான் 10 கிலோவாட் திறன் கொண்ட ஒரே பரப்பியின் ஒலி தேனி, திண்டுக்கல், மதுரை மாவட்டங்களைக் கடந்து கொங்குப் பகுதிவரை சென்றது. மலையின் நிழல் விழும் சில இடுக்குகளில் மட்டும் ஒலி மங்குவது உண்டு.

முன்வரலாறு

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. விடுதலைக்குப் பின் வானொலி ஊர்ப்புறங்களுக்குப் பரவியதில் பஞ்சாயத்து வானொலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்க ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த காலம் அது. பஞ்சாயத்து அலுவலகத்தின் ஒலிபெருக்கியே பல சிற்றூர்களின் ஒரே வானொலியாக இருந்தது. செய்தியும் வேளாண் நிகழ்ச்சியும் அதன் வழியே ஊரின் காதில் விழுந்தன. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பால் தஞ்சை உழவர்களிடையே பரவிய ஏ.டி.டி. 27 நெல் ரகத்தை மக்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். வானொலியின் சொல்லுக்கு வயலில் இருந்த மதிப்பை இப்பெயர் காட்டுகிறது.

ஆனால் பாட்டு விஷயத்தில் அகில இந்திய வானொலி நீண்டகாலம் தயக்கம் காட்டியது. 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்ப்பதே வானொலியின் கடமை என்று கருதினார். அவர் காலத்தில் திரைப்பாடல்களுக்கான நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. கேட்பவர்கள் பெட்டியை அணைக்கவில்லை. முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அவர்களுக்குத் திரைப்பாடல்களை அள்ளி வழங்கியது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் தென் தமிழகத்தின் வீடுகளில் உறவினர் குரல்போலப் பழகின. கேட்பவரின் பெயரைச் சொல்லி அவர் விரும்பிய பாடலை ஒலிபரப்பும் முறையைத் தமிழகத்துக்கு நெருக்கமாக்கியதும் அந்த நிலையமே.

இழந்த நேயர்களை மீட்க 1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலி ‘விவித பாரதி’ சேவையைத் தொடங்கியது. 1967 முதல் அதில் விளம்பரங்களும் இடம்பெற்றன. எனினும் தேனிப் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சிற்றலையிலும் மத்திய அலையிலும் வந்த ஒலி சீரானதாக இல்லை. மின்னல் வெட்டினால் கரகரக்கும். இரவானால் தொலைதூர நிலையங்களின் ஒலி குறுக்கிடும். 1980களில் ஒலிநாடா பரவியது. தாளில் பாடல் பட்டியல் எழுதிக்கொடுத்து நாடாவில் பதிவுசெய்து வாங்கும் கடைகள் ஒவ்வொரு பேருந்து நிலையத்தின் அருகிலும் தோன்றின. தொலைக்காட்சியும் வந்துசேர, வானொலியின் காலம் முடிந்தது என்ற பேச்சு அப்போதே எழுந்தது.

தொடக்கம்

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் அமைக்கப்பட்டது. மாநிலத் தலைநகரிலிருந்து பேசுவதை விட்டு, ஒரு வட்டாரத்தின் பேச்சு, பயிர், திருவிழா, சந்தை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வானொலி செல்ல வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது. அந்த எண்ணமும் பண்பலைத் தொழில்நுட்பமும் சந்தித்த காலகட்டத்தில்தான் கோடைப் பண்பலை பிறந்தது.

கேட்பவர்கள் முதலில் உணர்ந்தது ஒலியின் வேறுபாட்டை. மத்திய அலை வானொலிகளில் நடைமுறையில் சுமார் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளே தெளிவாகக் கேட்கும். பண்பலையில் 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பாடகரின் குரலுக்குப் பின்னால் அதுவரை மங்கலாக இருந்த புல்லாங்குழலின் மூச்சு, வயலின் கூட்டம், தபேலாவின் விரல்நுனி ஓசை எல்லாம் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கின. பழைய பெட்டிகள் பலவற்றில் பண்பலை வசதி இல்லை. புதிய சிறு பெட்டிகள் வாங்கப்பட்டன. பின்னர் கைபேசிகளிலும் பண்பலை வந்தபோது, காதில் செருகிய ஒயரே அலைவாங்கியாக மாறியது.

நிகழ்ச்சி அமைப்பு

கோடைப் பண்பலையின் அடையாளம் திரையிசை. ஆயினும் அது பாட்டு மட்டுமே ஒலிபரப்பும் நிலையம் அன்று. பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்குரிய கட்டமைப்பு அதற்கும் உண்டு. விடியலில் மும்மதப் பக்திப் பாடல்கள், அஞ்சல் செய்யப்படும் மாநில, தேசியச் செய்திகள், உழவர், பெண்கள், இளைஞர்களுக்கான பகுதிகள், மருத்துவர் உரைகள் என்று அகில இந்திய வானொலிக்கே உரிய வரிசையின் நடுவே திரைப்பாடல்கள் அமைந்தன. பாட்டுக்காகப் பெட்டியைத் திறந்தவர் செய்தியையும் கேட்டார். பூச்சி மேலாண்மை பற்றிய உரையையும் கேட்டார். தனியே ஒலிபரப்பினால் சிலரே கேட்கக்கூடிய பயனுள்ள பேச்சுக்குப் பாட்டு பெருந்திரளான காதுகளைக் கொண்டுவந்து தந்தது. கேஸ்கர் காலத்தில் எதிரெதிராகக் கருதப்பட்ட இரண்டும் இங்கு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

நேயர் விருப்பம் இவ்வகை நிலையங்களின் உயிர்நாடி. முதலில் அஞ்சலட்டைகள், பின்னர் தொலைபேசி. பாடலுக்கு முன் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியல் சில வேளை பாடலின் முதல் சரணம் அளவுக்கு நீளும். வெளியாருக்கு அது சலிப்பு. பட்டியலில் தன் பெயரும் தன் ஊர்ப் பெயரும் வருமா என்று காத்திருப்பவருக்கு அதுவே நிகழ்ச்சி. செய்தித்தாளில் விபத்தோ வெள்ளமோ வந்தால் மட்டும் அச்சேறும் ஊர்களின் பெயர்கள், நேயர் விருப்பத்தில் ஒரு பாட்டோடு சேர்ந்து மகிழ்ச்சியாக ஒலித்தன.

கேட்கும் இடங்களும் வீட்டோடு நிற்கவில்லை. தேநீர்க் கடை, முடிதிருத்தகம், தையல் கடை, திராட்சைத் தோட்டம், கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப் என எங்கும் வானொலி உடன்சென்றது. கையும் கண்ணும் வேலையில் இருக்க, காதை மட்டும் கேட்கும் ஊடகம் அது ஒன்றே.

பள்ளத்தாக்கும் பாடலும்

கோடைப் பண்பலைக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் இடையே இன்னொரு தொடர்பு உண்டு. அது ஒலிபரப்பிய பாடல்களில் பெரும் பகுதியை உருவாக்கியவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சென்றவர்கள். இளையராஜா பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் இசைத்தவர். 1976இல் ‘அன்னக்கிளி’ வழியே திரையுலகில் நிலைபெற்றார். அவருடைய தம்பி கங்கை அமரன் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் அறியப்பட்டார். 1977இல் ‘16 வயதினிலே’ படத்தை இயக்கிய பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர்.

வைரமுத்துவின் கதை வைகை அணையோடு நேரடியாகப் பிணைந்தது. 1959இல் திறக்கப்பட்ட அந்த அணைக்காக ஆற்றங்கரைச் சிற்றூர்கள் பல காலிசெய்யப்பட்டன. அவர் பிறந்த மெட்டூரும் அவற்றில் ஒன்று. குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. அந்த இடப்பெயர்வின் வலியையே அவர் பின்னாளில் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவலாக எழுதினார்; அது 2003இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. மலைமேலிருந்து இறங்கிய பாடல் அணையின் நீர்ப்பரப்பைத் தாண்டி ஊர்களை எட்டியபோது, அதன் சொற்களில் சில அந்த நீருக்கடியில் போன ஊரின் பேச்சிலிருந்து பிறந்தவை. கோடைப் பண்பலையின் திரையிசை இப்பகுதி மக்களுக்கு வெளியிலிருந்து வந்த பொழுதுபோக்காகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியார் பண்பலைகளும் சமூக வானொலியும்

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன்பின் வானொலித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டு, 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை ஒலித்தது. 2005இல் தொடங்கிய இரண்டாம் கட்ட ஏலத்தில் மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி போன்ற நகரங்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்டன. வேகமான பேச்சு, புதிய பாடல்கள், பரிசுப் போட்டிகள் என வானொலியின் நடையே மாறியது.

ஆனால் உரிமம் நகரவாரியாக ஏலம் விடப்பட்டது. விளம்பரச் சந்தை பெரிதாக இருக்கும் ஊருக்கே நிலையம் வரும். மதுரையின் தனியார் நிலையங்களுக்குச் சமவெளிக் கோபுரம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே இருக்கும் கம்பம் அவற்றின் கணக்குக்கு வெளியே இருந்தது. தவிர, தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பும் உரிமை இல்லை. 2011இன் மூன்றாம் கட்டக் கொள்கை அகில இந்திய வானொலியின் செய்திகளை மாற்றமின்றி ஒலிபரப்ப மட்டுமே அனுமதித்தது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்த மற்றொரு வழி சமூக வானொலி. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. எனினும் 100 வாட் திறனும் 30 மீட்டர் கோபுரமும் கொண்ட இத்தகைய நிலையத்தின் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர். ஒரு முழுப் பள்ளத்தாக்கை அது தழுவ இயலாது.

இன்றைய நிலை

2023இல் அகில இந்திய வானொலி எல்லா மொழிகளிலும் ‘ஆகாசவாணி’ என்ற பெயரையே பயன்படுத்தும் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று நாடெங்கும் 100 வாட் திறன் கொண்ட 91 பண்பலைப் பரப்பிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கைபேசிகளில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய மின்னணுத் துறை தயாரிப்பாளர்களை அறிவுறுத்தியதும் அந்த ஆண்டில்தான். வானொலியைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்லும் அக்கறை இவற்றில் தெரிகிறது. ஆனால் அஞ்சல் பரப்பி, வேறிடத்தில் தயாரான நிகழ்ச்சியை இங்கே கொண்டுவரும் குழாய் மட்டுமே. கலையகமும் அறிவிப்பாளரும் உள்ள நிலையமே கேட்பவருக்குப் பதில் சொல்ல முடியும்.

இதன் பொருள் அவசர காலத்தில் தெளிவாகும். வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்படும். அவை தேனி தொடங்கி இராமநாதபுரம் வரையிலான ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கானவை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பின் திண்டுக்கல், கொடைக்கானல் பகுதிகளையும் தாக்கியது. மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் செயலிழக்கும் அத்தகைய நேரத்தில், இரண்டு மின்கலங்களில் இயங்கும் வானொலிப் பெட்டிக்கு மாற்று இல்லை. ஆனால் பேரிடர் நாளன்று மட்டும் மக்கள் ஒரு நிலையத்தைத் தேடித் திருப்புவதில்லை. அன்றாடம் பாட்டுக் கேட்டுப் பழகிய நிலையத்தின் எச்சரிக்கையையே நம்புகிறார்கள்.

வரலாற்று இடம்

திரையிசையைத் தாழ்வாகக் கருதிய ஒரு நிறுவனம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே திரையிசையைக் கொண்டு மக்களிடம் திரும்பியதன் சான்று கோடைப் பண்பலை. சந்தை எட்டாத சிறுநகரங்களுக்குப் பொது நிறுவனம் ஒன்று தரமான ஒலியைக் கொண்டுசேர்த்தது என்பதும், பாட்டோடு செய்தியையும் வேளாண்மையையும் ஊர்ப் பெயர்களையும் சேர்த்துக் கொடுத்தது என்பதும் அதன் முதன்மைப் பங்களிப்புகள். இன்று எந்தப் பாடலையும் கைபேசியில் ஒரு தொடுகையில் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்பவர் தனியே கேட்கிறார். கம்பத்தின் தேநீர்க் கடையிலும் ஆண்டிபட்டியின் தறிக்கூடத்திலும் ஒரே நொடியில் ஒரே பாடல் ஒலித்தபோது, ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்து கேட்டது. அந்தச் சேர்ந்து கேட்டலின் வரலாறே கோடைப் பண்பலையின் வரலாறு.